எலோட்டே லோகோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரிலிருந்து பின்னலாடை வேலையாக மத்திய அமெரிக்காவில் இருக்கும் எல் சால்வடோர் போய் இரண்டரை வருஷம் இருந்தேன். ஊர் திரும்பியதும் ஒருநாள் போனில் இருந்த படம் ஒன்றைக் காட்டினேன். குச்சியில் குத்திய மக்காச்சோளக் கருது, அதன்மேல் மயோனைஸ், கெட்ச்சப், கடுகு சாஸ், துருவிய சீஸ். அதுதான் எலோட்டே லோகோ. அன்றைக்கு ஆரம்பித்த கேள்விகள் இன்னும் ஓயவில்லை. சொந்தக்காரர்கள், கம்பெனி ஆட்கள், ஆர்டர் விஷயமாக அந்தப் பக்கம் போகிறவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய அதேதான். அவரவர் கேட்டபடியே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

எலோட்டேன்னா என்னங்க? நம்ம ஊர் மக்காச்சோளக் கருதுதானே?

கருதுதான். ஆனால் எந்தப் பருவத்துக் கருது என்பதும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. மெக்சிகோ பக்கத்துப் பழங்குடி மொழியான நாவாட்டிலின் 'எலோட்ல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. மணி முழுசாகப் பிடித்து, ஆனால் காயாமல், நகத்தால் கீறினால் பால் வருகிற கருதுக்குத்தான் எலோட்டே என்று பெயர். அதற்கு முந்தைய பிஞ்சு ஹிலோட்டே. நாம் பேபி கார்ன் என்று வாங்குகிறோமே, அந்தப் பருவம். பால் வற்றி மணி இறுக ஆரம்பித்து, முழுசாகக் காயவும் இல்லாத நடுப்பருவம் கமாகுவா. நன்றாகக் காய்ந்தது மசோர்க்கா. மணியை உதிர்த்த பிறகு மிஞ்சும் கட்டை ஓலோட்டே, மேல்மட்டை தூசா. நாம் நெல், அரிசி, சோறு, பழையது என்று பிரித்துச் சொல்வது மாதிரி.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தமிழில் வெறும் 'சோளம்' என்றால் அது வேறு பயிர். ஆப்பிரிக்காவில் தோன்றி ரொம்ப காலத்துக்கு முன்பே நம்மிடம் வந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பின்னால் வந்ததற்கு நாம் 'மக்காச்சோளம்' என்று பெயர் வைத்தோம். எல் சால்வடோரில் இதுவே தலைகீழ். அங்கே மக்காச்சோளம் ஆதிப்பயிர், நம்முடைய சோளம் பின்னால் வந்தது. அதனால் சோளத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'மைசீயோ', அதாவது குட்டி மக்காச்சோளம். மழை பொய்த்து மக்காச்சோளம் கைவிட்டால் மைசீயோவில் டோர்ட்டியா என்கிற ரொட்டி தட்டுகிற வீடுகள் அங்கே உண்டு.

அதுல 'லோகோ' எங்கிருந்து வந்துச்சு?

லோகோ என்றால் ஸ்பானிஷில் பைத்தியம். கைக்குக் கிடைத்ததையெல்லாம் மேலே போட்டதால் பைத்தியக்காரக் கருது. கையில் வாங்கிப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

மயோனைஸ், கெட்ச்சப், கடுகு, சீஸ்... எல்லாத்தையும் ஒண்ணா கொட்டினா அது வாயில வைக்கிற மாதிரி இருக்குமா?

நானும் முதல் ஒரு மாதம் முகத்தைச் சுளித்துக்கொண்டு கடந்து போனவன்தான். நான் இருந்தது தலைநகர் சான் சல்வடோரை ஒட்டிய சாந்தா தெக்லாவில். அங்கே ஒரு தேவாலயத்துக்கு வெளியே சாயங்காலம் ஐந்து மணிக்குத் தள்ளுவண்டி வரும். வண்டியில் பெரிய அலுமினியப் பானை; அதற்குள் வெந்த கருதுகள், சூடு போகாமல் இருக்க மேலே மட்டையும் துணியும். அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், ஆனால் எல்லோரும் 'நீன்யா' என்றுதான் கூப்பிடுவார்கள். அகராதிப்படி சிறுமி என்று அர்த்தம். எல் சால்வடோரில் வயதான பெண்களை மரியாதையாக அழைப்பதே அப்படித்தான். நம் ஊரில் பேத்தி எடுத்தவரைக்கூட 'அக்கா' என்று கூப்பிடுவதில்லையா, அது மாதிரி.

அவர் இடுக்கியால் ஒரு கருதை எடுத்து, தண்ணீரை உதறி, அடிக்காம்பில் குச்சியை ஒரே குத்தாகக் குத்துவார். தட்டைக் கரண்டியில் மயோனைஸை எடுத்துக் கருதைச் சுழற்றியபடியே சுவருக்கு வெள்ளையடிப்பது போல் பூசுவார். அதன்மேல் கெட்ச்சப்பில் நெளிநெளியாக ஒரு கோடு, கடுகு சாஸில் இன்னொரு கோடு. பிறகு 'சால்சா பெரின்' என்கிற கறுப்புச் சாஸ் நாலைந்து சொட்டு. 'லீ அண்ட் பெரின்ஸ்' என்ற ஆங்கிலேயக் கம்பெனிப் பெயரின் பின்பாதிதான் அங்கே வூஸ்டர் சாஸுக்கே பெயராகிவிட்டது. கடைசியாக, காய்ந்து உப்புக் கரிக்கும் 'கேசோ துரோ' சீஸைத் துருவி, மணி எதுவும் வெளியே தெரியாத அளவுக்குத் தூவுவார். அடியில் ஒரு காகிதத் துண்டைச் சுற்றிக் கையில் கொடுப்பார். நான் இருந்தபோது விலை ஒரு டாலர் அல்லது கொஞ்சம் கூட. 2001-லிருந்து அந்த நாட்டுப் பணமே அமெரிக்க டாலர்தான்.

ருசி எப்படி என்றால், முதலில் சீஸின் உப்பு, அப்புறம் புளிப்பு, கடைசியில் கருது. அந்தக் கருதுக்குத் தனியாகப் பெரிய இனிப்பு கிடையாது, மாவுத்தன்மைதான் அதிகம். நம் சோறு மாதிரி, குழம்பு ஊற்றினால்தான் அதற்கு வாய் திறக்கும். மயோனைஸ் கொழுப்பைத் தருகிறது, சீஸைப் பிடித்து வைக்கும் பசையாகவும் இருக்கிறது. கெட்ச்சப்பும் கடுகும் புளிப்புக்கு. ஒன்றைக் குறைத்தாலும் தெரியும். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு நான் வாரம் இரண்டு சாப்பிட்டேன்.

இது மெக்சிகோ ஐட்டம் இல்லையா? யூடியூப்ல அப்படித்தானே சொல்றாங்க?

மெக்சிகோவிலும் எலோட்டே உண்டு, அது தனி வழக்கம். அங்கே மயோனைஸ் அல்லது கிரீம், கோதிஹா சீஸ், மிளகாய்த்தூள், எலுமிச்சை. மணியை உதிர்த்துக் கிண்ணத்தில் கொடுப்பது எஸ்கித்தேஸ். எல் சால்வடோர், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் பக்கத்து லோகோவில் மிளகாய் பெரும்பாலும் இருக்காது. கெட்ச்சப்பும் கடுகும் கறுப்புச் சாஸும்தான் அடையாளம். காரம் எதிர்பார்த்துப் போகிற நம் ஆட்கள் ஏமாந்து போவது இங்கேதான். நான் பாக்கெட்டில் மிளகாய்த்தூள் பொட்டலம் வைத்திருந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இங்க கிடைக்கிற ஸ்வீட் கார்ன்ல பண்ணிப் பார்த்தேன், திகட்டுது. ஏன்?

இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு இதுதான் அடிப்படை. ஸ்வீட் கார்ன் தனி ரகம். அதன் மணியில் சர்க்கரை மாவாக மாறுவதைத் தடுக்கிற மரபணு மாற்றம் ஒன்று இயல்பாகவே உண்டு. அதனால் இனிப்பு தங்குகிறது. எல் சால்வடோர் எலோட்டே அப்படிப்பட்ட ரகம் கிடையாது. தினமும் டோர்ட்டியா தட்டுகிற அதே சாப்பாட்டு மக்காச்சோளம், பெரும்பாலும் வெள்ளை. அதை முற்றவிடாமல் முன்கூட்டியே பறித்தால் எலோட்டே, விட்டுவைத்தால் மாவு. ஏற்கெனவே இனிக்கிற ஸ்வீட் கார்ன்மேல் இனிப்புக் கெட்ச்சப்பையும் ஊற்றினால் திகட்டாமல் என்ன செய்யும்?

சந்தையில் மட்டையோடு விற்கும் நாட்டு மக்காச்சோளத்தை வாங்குங்கள். மட்டையைக் கொஞ்சம் விலக்கி நகத்தால் கீறிப் பாருங்கள். தண்ணீர் மாதிரி வந்தால் பிஞ்சு, பால் மாதிரி வந்தால் சரி, ஒன்றுமே வராவிட்டால் முற்றியது. வாங்கிய அன்றைக்கே வேகவையுங்கள். பறித்த நேரத்திலிருந்து சர்க்கரை குறைந்து மாவு ஏறிக்கொண்டே போகும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக.

வருஷம் பூரா கிடைக்குமா, இல்ல சீசன் இருக்கா?

பாசனம் உள்ள நிலத்திலிருந்து வருவதால் வண்டிகள் எப்போதும் இருக்கும். ஆனால் உண்மையான சீசன் ஆகஸ்ட். மே மாதம் மழை பிடித்ததும் முதல் போகம் விதைப்பார்கள், அதற்குப் பெயர் 'பிரிமேரா'. ஆகஸ்டில் கருது பால் கட்டியிருக்கும். அப்போது சாலையோரமெல்லாம் எலோட்டேதான். ஹோண்டுராஸின் தான்லியிலும் எல் சால்வடோரின் சுச்சித்தோத்தோவிலும் ஆகஸ்டில் மக்காச்சோளத் திருவிழாவே நடக்கும். குவாத்தமாலா நகரில் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஹொகோதெனாங்கோ திருவிழா. சான் சல்வடோரில் ஆகஸ்ட் முதல் வாரம் ஊர்த் திருவிழா. இரண்டிலும் ராட்டினத்துக்குப் பக்கத்தில் எலோட்டே லோகோ வண்டி இல்லாமல் இருக்காது.

பால் பருவத்தில் பறிக்காமல் விட்டதை என்ன செய்வார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மணி முற்றியதும் தட்டையைக் கருதுக்குக் கீழே மடக்கிவிடுவார்கள். கருதின் நுனி தரையைப் பார்த்துத் தொங்கும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும், செடி நின்ற இடத்திலேயே கருது காயும். 'தோப்லா' என்று பெயர். காட்டில் இதை முதன்முதலில் பார்த்தபோது காற்றில் ஒடிந்து விழுந்த பயிர் என்றே நினைத்து, கூட வந்தவரிடம் துக்கம் விசாரித்தேன்.

இந்த மடக்கல் எவ்வளவு பழசு என்பதற்கு எல் சால்வடோரின் ஹோயா தே செரென் சாட்சி. சுமார் 1,400 வருஷத்துக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன குடியானவர் ஊர் அது. 1976-ல் புல்டோசர் வைத்து மண்ணைத் தள்ளியபோது தற்செயலாகக் கிடைத்தது. அங்கே கட்ட வந்தது தானியக் களஞ்சியம் என்பது இன்னொரு வேடிக்கை. பேசன் ஷீட்ஸ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் 1978-லிருந்து ஆராய்ந்தார், 1993-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. செடிகள் மக்கிப்போய்ச் சாம்பலுக்குள் வெற்றிடம் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த ஓட்டைகளில் பல் மருத்துவர் பயன்படுத்தும் பிளாஸ்டரை ஊற்றி எடுத்தபோது, வரப்பு வரப்பாக மக்காச்சோளச் செடிகள் கருதோடு அச்சாக வந்தன. அவற்றில் முற்றி மடக்கிவிட்டவையும் இருந்தன. அதை வைத்தே எரிமலை வெடித்தது ஆகஸ்ட் வாக்கில் என்று கணித்தார்கள்.

சுட்டதா, வேகவச்சதா? எது ஒரிஜினல்?

லோகோ என்றால் பெரும்பாலும் வேகவைத்தது. சுட்டது 'எலோட்டே அசாதோ', அது தனிக் கட்சி. குவாத்தமாலாவில் கரி அடுப்பில் அங்கங்கே கருகும்வரை சுட்டு, பாதி எலுமிச்சையை உப்பில் தோய்த்துக் கருதின்மேல் அழுத்தித் தேய்த்துத் தருவார்கள். மெரினாவில் விசிறிக்கொண்டே சுட்டுத் தருவதை அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், மிளகாய்த்தூளை மட்டும் கழித்துவிட்டு. எது ஒரிஜினல் என்று கேட்டால், பாட்டில் மயோனைஸ் வருவதற்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்பே நெருப்பு இருந்தது. ஆனாலும் என் ஓட்டு லோகோவுக்கே.

நான் சுத்த சைவம். சாப்பிடலாமா?

லோகோவை அப்படியே சாப்பிட முடியாது. மயோனைஸில் முட்டை உண்டு என்பது பலருக்கும் தெரியும். மாட்டிக்கொள்ளும் இடம் அந்தக் கறுப்புச் சாஸ். வூஸ்டர் சாஸ் நெத்திலி போன்ற ஆன்சோவி மீனை ஊறவைத்துச் செய்வது. நாலு சொட்டுதானே என்று கடைக்காரருக்கே அது நினைவில் இருக்காது. சீஸ் உறைய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்த்திருக்கவும் வாய்ப்புண்டு.

'சொலோ கோன் லிமோன் இ சால்' என்று சொன்னால் எலுமிச்சையும் உப்பும் மட்டும் போட்டுத் தருவார்கள். சுட்டது வாங்குவதானால் அதே கம்பியில் இறைச்சியும் கிடக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் போடு என்பதற்கு 'கோன் தோதோ'.

வீட்டுல பண்ணணும். அந்த சீஸுக்குப் பதிலா பனீர் போடலாமா?

வேண்டாம். பனீரில் உப்பும் இல்லை, காரமான பழைய வாசமும் இல்லை. பூசிய மயோனைஸோடு சேர்ந்து வெறும் மெத்தென்று இருக்கும். கடையில் கிடைப்பதில் பார்மெசான் நெருங்கி வரும். ஃபெட்டாவை உதிர்த்து ஃப்ரிட்ஜில் ஒருநாள் திறந்து வைத்து உலர்த்தியும் போடலாம். பீட்சா சீஸ் கூடவே கூடாது, அது உருகி நூலாக இழுக்கும்.

நாட்டு மக்காச்சோளத்தை உள்மட்டை இரண்டோடு, முக்கால் மணி நேரம்கூட வேகவைக்க வேண்டிவரும். ஸ்வீட் கார்ன் மாதிரி எட்டு நிமிஷத்தில் ஆகிற கதை இல்லை. குக்கரானால் நாலைந்து விசில். எடுத்ததும் ஈரத்தைத் துணியால் ஒற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மயோனைஸ் வழுக்கி இறங்கிவிடும். சூடாக இருக்கும்போதே பூச வேண்டும். முட்டையில்லா மயோனைஸும் கன்று ரென்னட் சேராத சீஸும் போட்டு, கறுப்புச் சாஸுக்குப் பதில் சோயா சாஸில் துளி புளித்தண்ணீரும் வெல்லமும் கலந்து சொட்டினால் சைவ லோகோ. நீன்யா ஒத்துக்கொள்ள மாட்டார், எனக்குச் சம்மதம்.

மத்திய அமெரிக்கா முழுக்க இதேதானா?

இல்லை. லோகோவின் ராஜ்ஜியம் மேலே சொன்ன மூன்று நாடுகள். நிகரகுவாவில் எலோட்டேயைச் சுடுவார்கள், வேகவைப்பார்கள், ஆனால் ஜனங்கள் உருகுவது 'குய்ரிலா'வுக்கு: இளம் மணியை அரைத்துக் கல்லில் வார்த்த கனமான ரொட்டி, நடுவில் குவஹாதா என்கிற புதுப் பாலாடைக்கட்டி. கோஸ்தா ரிகாவில் அதன் தம்பி 'சொர்ரேயாதா', தொட்டுக்கொள்ளப் புளித்த கிரீம். பனாமாவில் இளம் மக்காச்சோள மாவை மட்டையில் சுற்றி அவித்த 'போயோ'.

எல் சால்வடோரிலேயே லோகோவைவிட மரியாதை 'அதோல் தே எலோட்டே'க்கு. மணியை அரைத்து வடிகட்டி, பாலும் சர்க்கரையும் பட்டையும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி. சுரைக்குடுக்கை மாதிரியான 'மோர்ரோ' ஓட்டில் ஊற்றித் தருவார்கள். இதைக் குடிப்பதற்கென்றே உறவு சனம் கூடுவதற்கு 'அதோலாதா' என்று பெயர்.

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேகவைக்காம சாப்பிட்டா வியாதி வரும்னு படிச்சேன். அப்ப எலோட்டே?

நீங்கள் படித்தது பாதி சரி. காய்ந்த மணியில் உள்ள நயாசின் என்ற பி வைட்டமின் உடம்புக்கு எளிதில் சேராது. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்தால் சேரும். மேல்தோலும் கழன்று மாவு பிசுபிசுப்பாகி டோர்ட்டியா தட்ட வரும். இதற்கு நிஷ்டமால் என்று பெயர். மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டு போன ஐரோப்பியர்கள் இந்தச் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். விளைவு, வட இத்தாலியிலும் பின்னால் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் மூன்று வேளையும் மக்காச்சோளமே தின்ற ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் பெல்லாக்ரா நோய் வந்தது.

எலோட்டேக்குச் சுண்ணாம்பு போடுவதில்லை. தோல் இளசு, கழற்ற வேண்டிய அவசியமில்லை. அதுவே மூன்று வேளைச் சாப்பாடாகவும் யாருக்கும் இருப்பதில்லை. எப்போதாவது ஒரு கருது தின்பதற்கும் பெல்லாக்ராவுக்கும் சம்பந்தமில்லை.

எனக்குச் சுகர் இருக்கு. ஒண்ணு சாப்பிட்டா என்ன ஆகும்?

சாப்பாட்டு மக்காச்சோளத்தில் இனிப்பு குறைவு என்று மேலே சொன்னதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். மாவும் உள்ளே போய்ச் சர்க்கரைதான். ஒரு கருதைச் சோற்றுக்கு மேல் கூடுதலாகச் சேர்க்காமல், சோற்றில் ஒரு பங்குக்குப் பதிலாக வையுங்கள். உங்கள் அளவை உங்கள் மருத்துவர் சொல்லட்டும்.

கேட்கக் கூச்சமா இருக்கு... மணி அப்படியே முழுசா வெளிய வருதே?

எல்லோருக்கும்தான். மணியின் மேல்தோல் செல்லுலோஸ், நம் குடலால் அதைச் செரிக்க முடியாது. உள்ளிருந்த சத்து பெரும்பாலும் இறங்கியிருக்கும், வருவது கூடு. மென்று தின்றால் குறையும்.

மூஞ்சியெல்லாம் ஒட்டாம எப்படித் தின்றது?

ஒட்டும். கருதைக் கிடையாகப் பிடித்து, வரிசையாகத் தட்டச்சு எந்திரம் போகிற மாதிரி ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கடித்துப் போங்கள். குச்சியை உள்ளங்கையில் உருட்டி அடுத்த வரிசை. வெள்ளைச் சட்டை போட்ட நாளில் வேண்டாம். நான் ஒரு பையர் மீட்டிங்குக்கு முன் சாப்பிட்டுவிட்டு, கழுத்துப் பட்டையில் கடுகு மஞ்சளோடு போய் உட்கார்ந்தேன். எதிரில் இருந்த சால்வடோர்க்காரர் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கடை என்று கேட்டார்.

வாங்கிட்டு வந்தது முத்திப்போச்சு, பல்லே இறங்கல. தூக்கிப் போட்டுடவா?

போடாதீர்கள். முதல் கேள்வியில் சொன்ன கமாகுவா அது. எவ்வளவு வேகவைத்தாலும் லோகோவுக்கு ஆகாது. மணியைக் கத்தியால் சீவி, தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைத்து, கொஞ்சம் வெண்ணெய், உப்பு, சிட்டிகைச் சர்க்கரை சேருங்கள். வாழையிலைத் துண்டில் விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே இன்னொரு துண்டை மூடி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் இலை கருகும்வரை சுடுங்கள். இதற்கு 'ரிகுவா' என்று பெயர். அங்கேயும் வாழையிலையில்தான் சுடுகிறார்கள். மிஞ்சிய கட்டையை அவர்கள் காயவைத்து அடுப்பெரிப்பார்கள், சில வீடுகளில் தண்ணீர்க் குடுவைக்கு மூடியாகவும் செருகிவைப்பார்கள்.